முகம் கழுவி அரை மணி நேரம் சும்மா இருங்கள்: சருமச் சிக்கலை அறிகுறி பார்த்துக் கண்டுபிடிப்பது

மே மாதம் வந்துவிட்டால் எங்கள் மருந்துக் கடையில் ஒரு கேள்வி நிச்சயம். "அண்ணே, ஆயிலி ஸ்கின்னுக்கு ஒரு ஃபேஸ்வாஷ் குடுங்க." ஆயிலி ஸ்கின் என்று யார் சொன்னது என்று கேட்டால், "பார்த்தாலே தெரியலையா, எப்படி வழியுது பாருங்க" என்று கன்னத்தைக் காட்டுவார்கள். வெளியே 39 டிகிரி வெயில். ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு இப்போதுதான் படியேறியிருக்கிறார். வழிவது எண்ணெயா வியர்வையா என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனாலும் ஒரு டியூப் விற்றாகிவிடும்.

திருச்சியில் மருந்தாளுநராக இத்தனை வருடம் நின்றதில் எனக்குப் புரிந்தது இதுதான்: சரும வகை என்று பலர் சொல்வது, அவர்கள் முகத்தில் கடைசியாகப் பூசிய பொருளின் வேலை. எண்ணெய்ச் சுரப்பி பெரிதா சிறிதா என்பது ஓரளவு பரம்பரையில் வருகிறது, சரி. ஆனால் இன்றைக்குக் கண்ணாடியில் தெரியும் முகத்தில் வயது, வெயில், குழாய்த் தண்ணீர், சோப்பு, போன மாதம் பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த க்ரீம் எல்லாம் சேர்ந்தே இருக்கின்றன. அதனால் புதிதாக வாங்குவதற்கு முன்னால் பழையதைக் கழிக்க வேண்டும். கழித்த பிறகு எந்தத் தொல்லை மிச்சம் இருக்கிறதோ அதற்கு மட்டும் மருந்து.

வறண்டது, எண்ணெய்ப் பசை, இரண்டும் கலந்தது என்ற பிரிவுகள் அழகுசாதன வியாபாரத்தில் பல காலமாகப் புழங்குபவை. அமெரிக்கத் தோல் மருத்துவர் லெஸ்லி பாவ்மன் 2006ல் அதை 16 வகையாக விரித்தார். 16ஐயும் மனப்பாடம் செய்ய வேண்டாம், அதற்குப் பின்னால் இருக்கும் கேள்விகள்தான் உதவும். எண்ணெய் வழியுமா வறளுமா? எதைப் போட்டாலும் எரியுமா? பட்ட இடம் கறுக்குமா? சுருக்கம் விழுமா? ஒவ்வொன்றும் தனிக் கேள்வி. எண்ணெய் வழியும் முகம் எரியவும் செய்யலாம். நம் ஊர்த் தோலுக்கு மூன்றாவது கேள்வி ரொம்ப முக்கியம். ஒரு பரு போனால் அதன் கறுப்பு ஆறு மாதம் நிற்கும்.

முதலில் காகிதச் சோதனை

விடுமுறை நாளில் செய்யுங்கள். முந்தின இரவு முகத்தில் எதுவும் பூசாதீர்கள், தலைக்கும் எண்ணெய் வைக்காதீர்கள். காலையில் மென்மையான ஃபேஸ்வாஷ் போட்டுக் கழுவி, துண்டால் ஒற்றி எடுங்கள். தேய்க்க வேண்டாம். ஏ.சி. இல்லாத அறையில் ஃபேனுக்குக் கீழே அரை மணி நேரம் சும்மா இருங்கள். அடுப்படிப் பக்கம் போகக் கூடாது. தோசைக் கல்லின் முன்னால் நின்றால் எல்லா முகமும் எண்ணெய் முகம்தான்.

அரை மணி முடிந்ததும் வாயை அகலத் திறந்து மூடிப் பாருங்கள். கன்னத்தில் இழுக்கிறதா? அதைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து டிஷ்யூ பேப்பரை நான்கு துண்டாகக் கிழித்து நெற்றி, மூக்கு, கன்னம், முகவாய் என்று ஒவ்வொன்றாக வைத்துப் பத்து விநாடி அழுத்துங்கள். எது எந்த இடம் என்று பேனாவால் ஓரத்தில் எழுதிவிடுங்கள். உடனே பார்க்காதீர்கள். நான்கையும் பத்து நிமிடம் காற்றில் விடுங்கள். வியர்வை ஈரம் காய்ந்து காகிதம் பழையபடி வெள்ளையாகிவிடும். எண்ணெய் எங்கும் போகாது. பஜ்ஜி வைத்த பேப்பரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் பட்ட இடம் மட்டும் கண்ணாடி மாதிரி தெரியுமே, அதேதான்.

நான்கிலும் கண்ணாடி என்றால் எண்ணெய்ச் சருமம். நெற்றி, மூக்கு, முகவாயில் மட்டும் என்றால் கலப்பு. நம் ஊரில் பாதிப் பேர் இதில்தான் வருவார்கள், இதில் கவலைப்பட ஒன்றும் இல்லை. எதிலும் கறை இல்லாமல், கழுவிய பின் இழுத்தால் வறண்ட சருமம். கறையும் இல்லை, இழுப்பும் இல்லை என்றால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு, இருப்பதையே தொடருங்கள்.

மாதக் கணக்கில் சிவப்பழகு க்ரீமோ ஏதாவது ஆயின்ட்மென்டோ போடுகிறவர்களுக்கு இந்தச் சோதனை எதையும் சொல்லாது. அவர்கள் நேராக எரிச்சல் பகுதிக்குப் போங்கள்.

"கழுவினதும் இழுக்குது, பதினோரு மணிக்கு வழியுது"

கழுவிக் கழுவியே கெடுத்துக்கொண்ட முகம் இது. கேட்டால் ஒரு நாளைக்கு ஐந்து தடவை கழுவுவதாகச் சொல்வார்கள், ஒவ்வொரு தடவையும் சோப்போடு. ஆரோக்கியமான தோலின் மேற்பரப்பு லேசான அமிலத் தன்மை கொண்டது, பி.எச். அளவில் சுமார் 5. சாதாரண குளியல் சோப்பு 9 முதல் 10, அதாவது காரத் தன்மை. ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் தோலின் மேல்பூச்சுக் கொழுப்பு கரைந்து போகிறது, உள்ளிருக்கும் ஈரம் வெளியேறுகிறது. அதுதான் இழுப்பு. மேலே எண்ணெய், உள்ளே ஈரமில்லை. இரண்டும் ஒரே முகத்தில் இருக்க முடியும்.

கழுவக் கழுவ எண்ணெய் கூடுதலாகச் சுரக்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதற்கு உறுதியான சான்று கிடையாது. சுரப்பி அதன் போக்கில்தான் சுரக்கிறது. கூட்டிக் குறைப்பது பெரும்பாலும் ஹார்மோனும் சூடும்தான். தோலின் வெப்பம் 1 டிகிரி ஏறினால் எண்ணெய் வெளியேறுவது ஏறக்குறைய 10 சதவீதம் கூடுகிறது என்று 1970லேயே அளந்திருக்கிறார்கள். சித்திரையில் வழிவதற்கு உங்கள் ஃபேஸ்வாஷைத் திட்ட வேண்டியதில்லை.

சோப்பு உறையில் டி.எஃப்.எம். 76 சதவீதம் என்று போட்டிருப்பதைப் பார்த்து, இது முகத்துக்கு நல்லது என்று நினைப்பவர்கள் உண்டு. அந்த எண் சோப்பில் கொழுப்புப் பொருள் எவ்வளவு என்பதைச் சொல்கிறது. 76 என்றால் முதல் தரச் சோப்பு, அவ்வளவுதான். காரம் குறைவு என்று அதற்கு அர்த்தமில்லை. முகத்துக்குத் தேவை சோப்பு சேராத கட்டி. கடையில் "சோப் ஃப்ரீ பார்" அல்லது "சின்டெட் பார்" என்று கேளுங்கள், எடுத்துக் கொடுப்பார்கள்.

அடுத்தது தண்ணீர். போர் தண்ணீர் வீடா? குழாய் வாயில் வெள்ளையாகப் படிந்திருக்கிறதா? சோப்பு நுரைக்கவே மாட்டேன் என்கிறதா? அப்படியானால் அந்த உப்புத் தண்ணீரில் சோப்பு சேர்ந்து கரையாத ஒரு பிசுபிசுப்பாக முகத்திலேயே தங்கிவிடும். பக்கெட்டின் உட்சுவரில் ஒரு சாம்பல் வளையம் படியுமே, அதே சரக்குதான். இதற்காகத் தண்ணீரின் உப்பை எடுக்கும் மெஷின் வாங்க வேண்டாம். கடைசியாக அலசுவதற்கு மட்டும் ஒரு சொம்பு காவிரித் தண்ணீரோ கேன் தண்ணீரோ போதும்.

ஆக, காலை ஒன்று இரவு ஒன்று என இரண்டு தடவை கழுவுதல், நடுவில் வெறும் தண்ணீர், கழுவியதும் கிளிசரின் சேர்ந்த ஜெல் மாய்ஸ்சரைசர் கொஞ்சம். "எண்ணெய் வழியுது, இதுக்கு மேல க்ரீமா?" என்று தயங்காதீர்கள். இரண்டு வாரத்தில் இழுப்பு நிற்கும். வழிவது முழுதாக நிற்காது, நிற்கவும் வேண்டாம்.

"மூக்கோரம் உரியுது, வறண்ட ஸ்கின் போல"

இதில் ஏமாந்தவன் நான். மூக்கின் இரண்டு ஓரமும், புருவத்துக்கு நடுவிலும் தவிடு மாதிரி உரிந்தது. கடையில் நாள் முழுக்க ஏ.சி., அதனால் வறட்சி என்று நானே முடிவுகட்டி, ராத்திரி தோறும் தேங்காய் எண்ணெய் தடவினேன். ஒரு வருடம்! காலையில் உரிவது படிந்திருக்கும், மாலைக்குள் இன்னும் அதிகமாகும். கடைக்கு வந்த தோல் மருத்துவர் ஒருவர் பில் வாங்கும்போது என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தலையில் பொடுகு இருக்கா?" என்று மட்டும் கேட்டார். இருந்தது.

அது செபோரிக் டெர்மடைடிஸ். முகத்தில் வந்த பொடுகு என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் எல்லோர் தோலிலும் மலசீசியா என்ற ஈஸ்ட் குடியிருக்கிறது. அதற்குச் சாப்பாடு தோலில் இருக்கும் கொழுப்பு. எண்ணெய் அதிகமுள்ள மடிப்புகளில் அது பெருகும்போது தோல் அழன்று உரிகிறது. தேங்காய் எண்ணெயில் இருக்கும் கொழுப்பு அமிலங்களும் அதற்குப் பிடித்தமானவை. நான் ஒரு வருடம் பந்தி பரிமாறியிருக்கிறேன்.

வறட்சியிலிருந்து இதைப் பிரித்தறிய இடம் பாருங்கள். வறட்சி கன்னத்திலும் கெண்டைக்காலிலும் வரும். இது மூக்கோரம், புருவம், காதுக்குப் பின்புறம், தாடி, நெஞ்சு நடு என்று எண்ணெய் இடமாகத் தேடிப் போகும். செதில் கொஞ்சம் மஞ்சளாக, பிசுக்காக இருக்கும். மாநிறத் தோலில் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது, சுற்றிலும் வெளிறித் தெரியும்.

2 சதவீத கீட்டோகோனசோல் க்ரீம் காலையும் இரவும் இரண்டு முதல் நான்கு வாரம். அதே மருந்து உள்ள ஷாம்பு வாரம் இரண்டு முறை, நுரையோடு ஐந்து நிமிடம் விட்டு அலச வேண்டும். தலையை விட்டுவிட்டு முகத்துக்கு மட்டும் பார்த்தால் திரும்பத் திரும்ப வரும். தலைக்குப் பார்த்தாலும் மார்கழியிலோ தூக்கம் கெட்ட வாரங்களிலோ ஒருமுறை எட்டிப் பார்க்கும். அப்போது மறுபடி ஒரு வாரம் போட்டால் அடங்கிவிடும்.

"நெத்தி முழுக்கப் பொரிப்பொரியா இருக்கு"

பெரும்பாலும் முதல் குற்றவாளி தலை எண்ணெய். 1970லேயே அமெரிக்க மருத்துவர்கள், தலைக்குப் பூசும் பிசுக்குகளால் நெற்றியிலும் அதன் இரு பக்க ஓரங்களிலும் வரும் பருக்களுக்குத் தனிப் பெயரே வைத்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்துக்கு வழித்து வாரி எண்ணெய் வைத்துப் போகும் பிள்ளைகளுக்கு முடி விளிம்பை ஒட்டி வரிசை கட்டி நிற்கும். நெற்றி முடி வெட்டிவிட்டவர்களுக்கு முடி விழும் இடத்தில் மட்டும். ஹெல்மெட் போடுகிறவர்களுக்கு உள்பட்டை அழுத்தும் இடத்தில். எந்தக் கோட்டில் வருகிறது என்று பார்த்தாலே பாதி பதில் கிடைத்துவிடும்.

எண்ணெயே வேண்டாம் என்று சொல்லவில்லை. குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் வைத்து, தலையோடு நெற்றியையும் அலசிவிடுங்கள். எண்ணெய்த் தலையோடு படுக்காதீர்கள். தலையணை உறையை வாரம் இரண்டு தடவை மாற்றுங்கள். ஹெல்மெட்டின் உள்பஞ்சு கழன்று வரும் வகை என்றால் அதைத் துவையுங்கள். யாரும் துவைப்பதில்லை, மூக்கருகே கொண்டுபோய்ப் பாருங்கள், புரியும். இரண்டு மூன்று வாரம் பொறுங்கள்.

குறையவில்லை என்றால் ஒரு கேள்வி: அரிக்கிறதா? ஒரே அளவில், ரவையைத் தூவினாற்போல, அரிப்போடு, நெஞ்சிலும் முதுகிலும் சேர்ந்து இருந்தால் அது பருவே இல்லை. அதே மலசீசியா, மயிர்க்கால்களுக்குள் புகுந்தது. பருவுக்கான ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டால் இது இன்னும் பரவும். "மாத்திரை சாப்பிட்டதும் கூடிப் போச்சுங்க" என்று யாராவது சொன்னால் எனக்கு உடனே இதன் மேல்தான் சந்தேகம் வரும். பொடுகு ஷாம்புவைக் குளிக்கும்போது அந்த இடத்தில் ஐந்து நிமிடம் வைத்து அலசிப் பாருங்கள். நிறைய இருந்தால் மாத்திரை தேவைப்படும், அது மருத்துவர் வேலை.

வெயிலில் அலைந்த மறுநாள் குத்தலோடு வந்து, விசிறியடியில் இரண்டு நாளில் அடங்கினால் வெறும் வியர்க்குரு.

"பரு"

அரிப்பில்லை, பெரிதும் சிறிதுமாக, நடுநடுவே கரும்புள்ளியும் வெண்புள்ளியும் சேர்ந்து இருந்தால் அதுதான் அசல் பரு. இதற்குக் கடையில் ஆயிரம் சாமான் இருந்தாலும் உருப்படியானவை விரல் விட்டு எண்ணும் அளவுதான்.

பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீதம் போதும். 10 சதவீதம் கேட்காதீர்கள், எரிச்சல்தான் கூடும், பலன் ஏறக்குறைய அதே. ஒரு எச்சரிக்கை: இது துணியை வெளுக்கும். ஒரு கல்லூரிப் பையன் அம்மாவின் புது மெரூன் துண்டில் முகம் துடைத்து, துண்டில் ஆரஞ்சு நிறத்தில் அவன் முகம் விழுந்திருந்தது. வெள்ளைத் துண்டு, வெள்ளைத் தலையணை உறை பயன்படுத்துங்கள்.

அடாபலீன் 0.1 சதவீதம் இரவில் மட்டும், பட்டாணி அளவு முழு முகத்துக்கும். பரு மேல் மட்டும் புள்ளி வைப்பது வீண். முதல் மாதம் உரியும், சில பேருக்குப் பருவும் கொஞ்சம் கூடும். அங்கேதான் பாதிப் பேர் டியூபைத் தூக்கிப் போடுகிறார்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆரம்பித்து, பன்னிரண்டு வாரம் ஓட்ட வேண்டும். மருத்துவரிடம் கேட்டுத் தொடங்குங்கள். கர்ப்பமாக இருப்பவர்களும் அதற்குத் திட்டமிடுபவர்களும் தொடக் கூடாது. அவர்களுக்கு அசெலாயிக் ஆசிட் இருக்கிறது, பருவின் கறுப்பையும் சேர்த்துக் குறைக்கும்.

மூக்கின் மேல் கொசகொசவென்று தெரியும் சாம்பல் புள்ளிகளைப் பிதுக்க வேண்டாம். பெரும்பாலும் அவை எண்ணெய் வரும் வழி. பிதுக்கினால் ஒரு மாதத்துக்குள் திரும்ப நிரம்பிவிடும்.

இருபத்தைந்து தாண்டிய பெண்களுக்குத் தாடையோரத்தில் மட்டும் வலியோடு வந்து, மாதவிலக்கும் தள்ளிப் போனால் க்ரீமோடு நிறுத்தாதீர்கள். சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை (பி.சி.ஓ.எஸ்.) இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

"எதைப் போட்டாலும் எரியுது"

கடையில் எனக்கு நிஜமாகவே பயம் தருவது இந்த ஒரு வாக்கியம்தான். "எனக்கு சென்சிட்டிவ் ஸ்கின்" என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். நான் கேட்பது ஒன்றே: "இதுக்கு முன்னாடி என்ன போட்டீங்க?"

கல்யாணத்துக்கு மூன்று மாதம் இருக்கும்போது ஒரு பெண்ணுக்கு அவள் அத்தை ஒரு டியூப் வாங்கிக் கொடுத்தார். பத்தே நாளில் முகம் பளிச்சென்று ஆனது. பரு அமுங்கியது, நிறம் ஏறியது, வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். கல்யாணம் முடிந்து நிறுத்தினாள். நான்காம் நாள் முகம் மிளகாய் அரைத்துப் பூசியது போல எரிந்தது. பயந்து மறுபடி போட்டாள், அடங்கியது. நிறுத்தினாள், எரிந்தது. எட்டு மாதம் இப்படி. என்னிடம் வந்தபோது கன்னத்தில் மெல்லிய சிவப்பு நரம்புகள், உதட்டுக்கு மேல் முன்பு இல்லாத முடி. டியூபைத் திருப்பிப் பார்த்தேன். ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினோயின், மோமெட்டசோன் மூன்றும் சேர்ந்த கலவை.

மூன்றாவது பெயர் ஸ்டீராய்டு. பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், ஃப்ளூசினோலோன் என்று வேறு பெயர்களிலும் வரும். தகுந்த நோய்க்கு, தகுந்த நாள் கணக்கில், மருத்துவர் கண்காணிப்பில் நல்ல மருந்து. முகத்துக்கு அழகு க்ரீமாகப் போட்டால் தோல் மெலிந்து, ரத்தக் குழாய்கள் விரிந்து, அது இல்லாமல் இருக்க முடியாத நிலை வருகிறது. இந்திய மருத்துவர்கள் 2008ல் இதற்கென்றே "ஸ்டீராய்டால் கெட்ட முகம்" என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தார்கள். அந்த அளவுக்கு நம் நாட்டில் இது மலிந்திருக்கிறது. 2018ல் இத்தகைய க்ரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு விதியை இறுக்கியது. விதி இருக்கிறது. கேட்டால் கொடுக்கும் கடைகளும் இருக்கின்றன, என் தொழில்காரர்களைப் பற்றி இதற்கு மேல் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

படர்தாமரைக்கும் இதே க்ரீமைப் போடுகிறார்கள். அரிப்பு உடனே நிற்கும், பூஞ்சை உள்ளே சொகுசாகப் பரவும்.

மாதக் கணக்கில் போட்டவர் என்றால் தானாக ஒரேயடியாக நிறுத்த வேண்டாம். தோல் மருத்துவரைப் பாருங்கள். படிப்படியாக இறக்குவார், அல்லது நிறுத்திவிட்டு எரிச்சலுக்கு வேறு மருந்து தருவார். சரியாகப் பல மாதம் ஆகும். அந்தப் பெண்ணுக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது.

தயாரிப்பாளர் பெயரோ உட்பொருள் பட்டியலோ இல்லாமல், வெளிநாட்டிலிருந்து பையில் வந்த "நைட் க்ரீம்" என்றால் ஸ்டீராய்டோடு பாதரசமும் இருக்கலாம். கேரளத்தின் மலப்புரம் பகுதியில் 2023ல் சிறுநீரகக் கோளாறோடு வந்த பலரை விசாரித்தபோது, அவர்கள் பயன்படுத்திய சிவப்பழகு க்ரீம்கள்தான் பொதுவாக இருந்தன. பாதரசம் தோல் வழியாகவே உள்ளே போகும். க்ரீம் போடுகிறவருக்குக் கால் வீங்கி, சிறுநீர் நுரைத்துப் போனால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஸ்டீராய்டு எதுவும் போடவில்லை, ஆனாலும் எரிகிறதா? வீட்டில் ஸ்க்ரப், வைட்டமின் சி, ஏதோ ஒரு ஆசிட் சீரம், எலுமிச்சைச் சாறு என்று வரிசையாக இருக்கும். எல்லாவற்றையும் அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள். நான்கு வாரம், சோப்பு சேராத க்ளென்சர் ஒன்று, மணமில்லாத மாய்ஸ்சரைசர் ஒன்று. எரியும் இடத்தில் ராத்திரி பெட்ரோலியம் ஜெல்லி மெல்லிசாக. தோலின் மேலடுக்கு புதிதாக ஏறக்குறைய ஒரு மாதம் பிடிக்கும், அதனால்தான் நான்கு வாரக் கணக்கு. கடலை மாவு, பயத்தம் மாவும் அந்த ஒரு மாதம் வேண்டாம். நலங்கு மாவில் குறையொன்றும் இல்லை, அதைப் போட்டு வறட் வறட்டென்று தேய்க்கும் கைதான் பிரச்சினை.

"முகம் கறுத்துப் போச்சு"

எந்த இடத்தில் கறுப்பு என்று பார்க்காமல் எதுவும் வாங்காதீர்கள்.

இரண்டு கன்னத்திலும் ஒரே மாதிரி, வரைபடம் போல ஓரம் தெரியும் பழுப்புப் படலம் என்றால் மங்கு. கர்ப்ப காலத்திலும் கருத்தடை மாத்திரை சாப்பிடும்போதும் வரும், வெயில் அதை வளர்க்கும். வெயிலின் புற ஊதாக் கதிர் மட்டுமல்லாமல், கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் மங்கைக் கூட்டும். சாதாரண சன்ஸ்கிரீன் அதைத் தடுக்காது. அயர்ன் ஆக்சைடு சேர்ந்த, தோல் நிறத்தில் வரும் டின்டட் சன்ஸ்கிரீன் தடுக்கும். முகத்தில் வெள்ளை பூசினாற்போல் தெரிகிறது என்ற புகாருக்கும் இதுவே மருந்து.

சன்ஸ்கிரீன் அளவைப் பற்றி ஒரு வார்த்தை. உறையில் எஸ்.பி.எஃப். (வெயில் காப்பு அளவு) 30 என்று போட்டிருப்பது, தோலின் ஒரு சதுர செ.மீ. பரப்புக்கு 2 மில்லிகிராம் வைத்து அளந்தது. நடைமுறையில் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நீளவாக்கில் இரண்டு கோடு, முகத்துக்கும் கழுத்துக்கும். நாம் பொட்டு அளவு எடுத்துத் தடவிவிட்டு, "ஒண்ணும் பிரயோஜனம் இல்லைங்க" என்கிறோம். வெளியில் அலைகிறவர்கள் இரண்டு மணிக்கொரு தடவை திரும்பப் போட வேண்டும். அது முடியாதவர்களுக்குக் குடை. சும்மா சொல்லவில்லை, குடை நல்ல சன்ஸ்கிரீன்.

நெற்றி நடுவில் பொட்டு வைக்கும் இடம் மட்டும் கறுத்தோ வெளுத்தோ இருந்தால் குற்றவாளி ஸ்டிக்கர் பசையாக இருக்கலாம். குங்குமத்தில் சேர்க்கும் சாயமும் இதைச் செய்யும். வெளுக்கிறது என்றால் உடனே நிறுத்துங்கள், தள்ளிப் போட்டால் நிறம் திரும்புவது கடினம். நெற்றியோரமும் காதோரமும் சாம்பல் கலந்த கறுப்பு வந்தால் தலைச்சாயத்தைச் சந்தேகப்படுங்கள்.

பின் கழுத்தில் வெல்வெட் துணி மாதிரி தடித்த கறுப்பு, அக்குளிலும் அதே என்றால் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்காதீர்கள். அது அழுக்கு கிடையாது. உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அறிகுறியாக இருக்கலாம், முதலில் சர்க்கரை பார்க்க வேண்டும். அம்மாக்கள் பிள்ளைகளின் கழுத்தை நார் போட்டுத் தேய்ப்பதைப் பார்க்கும்போதெல்லாம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

எலுமிச்சையைப் பாதியாக வெட்டி முகத்தில் தேய்க்கும் வைத்தியம் வேண்டவே வேண்டாம். கடும் அமிலம் என்பது ஒரு பக்கம். அதன் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் சூடு போட்டது போலக் கொப்பளித்துக் கறுக்கும்.

"தேமல்"

குழந்தைகளின் கன்னத்தில் மங்கலான வெளிறல், லேசான செதில். பூச்சி மருந்து கேட்டு வருவார்கள். வயிற்றுப் பூச்சிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மாய்ஸ்சரைசரும் கொஞ்சம் வெயில் காப்பும் போதும், மெல்ல மறையும். பெரியவர்களின் கழுத்து, முதுகு, மார்பில் படர்ந்தது என்றால் நம் மலசீசியாவேதான், பொடுகு ஷாம்பு கேட்கும். நிறம் திரும்ப மாதங்கள் ஆகும், அதுவரை மருந்தைக் குறை சொல்ல வேண்டாம். ஆனால் வெளிறிய இடத்தில் பஞ்சால் தடவினால் உணர்ச்சி குறைவாகத் தெரிகிறதா? அப்படி இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். தொழுநோயா என்று பார்த்து, இருந்தால் இலவசமாகவே குணப்படுத்துவார்கள்.

"கால் பாளம் பாளமா வெடிக்குது"

இதுதான் நிஜ வறட்சி, இங்கேதான் தேங்காய் எண்ணெய்க்கு வேலை. குளித்து ஒற்றியெடுத்த மூன்று நிமிடத்துக்குள், ஈரம் இருக்கும்போதே தடவுங்கள். கெண்டைக்காலில் மீன் செதில் மாதிரி இருந்தால் 10 சதவீத யூரியா க்ரீம். சர்க்கரை உள்ளவர்கள் பாத வெடிப்பைப் பிளேடால் சீவாதீர்கள்.

வாங்கும்போது

க்ளென்சர், மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன் மூன்றும் எல்லோருக்கும். நான்காவதாக உங்கள் தொல்லைக்கான ஒரே ஒரு மருந்து. எண்ணெய்ச் சருமத்துக்கு ஜெல், வறண்டதற்குக் கெட்டி க்ரீம், கலப்புக்கு லோஷன், அல்லது கன்னத்துக்கு மட்டும் க்ரீம். புதிதாக எது வாங்கினாலும் தாடைக்குக் கீழே ஒரு ரூபாய் அகலத்துக்கு ஒரு வாரம் தடவிப் பாருங்கள். ஒரே நாளில் நான்கையும் ஆரம்பித்தால், எரியும்போது எதை நிறுத்துவது என்று தெரியாமல் முழிப்பீர்கள். இரண்டு வாரத்துக்கு ஒன்றாகச் சேருங்கள்.

மருத்துவரிடம் போகும் நிலை வந்தால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. வரிசை நீளம், ஆனால் நல்ல கண்கள் பார்க்கும். பவுடர், கன்சீலர் எதுவும் போடாமல் வெறும் முகத்தோடு போங்கள். இதுவரை போட்ட டியூப், டப்பா, பெயர் தெரியாத பொடி எல்லாவற்றையும் ஒரு மஞ்சப்பையில் அள்ளிப் போட்டுக்கொள்ளுங்கள். தீர்ந்துபோய்ச் சுருண்டு கிடக்கும் டியூப் இருந்தால் அதையும் விடாதீர்கள். பெரும்பாலும் அவர் தேடுவது அதைத்தான்.